இணைச்சீருக்கு யார் நிற்பது?

"நங்கையா, அந்தப் பட்டுச்சேலையை மடிச்சு வெச்சிருங்க. இணைச்சீருக்குச் சித்தப்பா மக நிக்கட்டும்!"

காலைக் காப்பியை வாங்கிய கையோடு நின்றுவிட்டாள் சித்ரகலா. சின்னத் தம்பி முகிலனுக்கு இன்று கல்யாணம். தாலி கட்டுமுன் கூறைச்சேலையைப் பிடித்தபடி மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவள் நிற்கும் சீர் அது. தாயில்லாத இரு தம்பிகளையும் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துப் படிக்கவைத்து, தன் கல்யாணத்தையே தள்ளிப்போட்டவள் அவள். வேண்டாமென்றவள் பெரிய தம்பியின் மனைவி கீதாஞ்சலி. அவர்கள் பக்கத்தில் நாத்தனாரும் அண்ணியும் 'நங்கையா'தான்.

"நான் என்ன பண்ணுனேன் கண்ணு...?"

"உங்க லிவர் கெட்டுப்போச்சுன்னு நம்ம மங்கலம் ஊரு பூரா பேச்சு. குடிக்காமக் கெடுமான்னு பொண்ணூட்டுக்காரங்க கேக்கறாங்க! நான் என்னத்தச் சொல்றது?"

சித்ரகலாவின் கண்கள் நிறைந்தன. தன்னால் இந்தக் கல்யாணத்தில் ஒரு சொல் எழக்கூடாது...

"அவளே நிக்கட்டும். நான் பந்தியைப் பாத்துக்கறேன்."

"அக்கா, நில்லுங்க!" அறையிலிருந்து முகிலன் வந்தான். அவளை டாக்டரிடம் கூட்டிப்போனவன் அவன்தான். "ஏனுங்க நங்கையா, பிரிஞ்ச தையலை அடிச்சு முடிச்சும் ஓவர்லாக் டெய்லர் பெடல்ல இருந்து காலை எடுக்கலீன்னா?"

"துணி மொத்தையாப் போயிரும்," என்றாள் கீதாஞ்சலி.

"அதேதானுங்க. ஈரல்ல காயம்பட்டா ஆத்தறதுக்குக் காலெக்டின்னு ஒரு புரதம் வருது. செல்லு மேல கிளைகிளையாச் சர்க்கரை இருக்கும். அதைப் புடிச்சுத்தான் ஆத்தற வேலையை ஏவும். காயம் ஓயலீன்னா அது புடியை உடாது. நார் சேந்து தழும்பா இறுகிப்போகும். அக்காளுக்குக் காயம் ஈரல்ல சேந்த கொழுப்பாலங்க, குடியால இல்லை!"

"அப்ப இந்தக் காப்பில போட்ட சர்க்கரை...?"

"அது வேறங்க. ஆனாலும் கம்மியாவே போடுங்க!"

அழுகையினூடே சித்ரகலாவுக்குச் சிரிப்பு வந்தது.

"இதை ஏனுங்க எங்கிட்டச் சொல்லலை?" சித்ரகலாவின் பக்கம் திரும்பினாள் கீதாஞ்சலி.

"கல்யாண வேலையில உன்னை வேற பயமுறுத்தோணுமா? ஆரம்பந்தானாம். எடை குறைச்சாத் தழும்பு இளகுமுன்னு டாக்டர் சொன்னாரு."

"வாய்க்கு வந்ததைப் பேசிட்டனே...!" கட்டிக்கொண்டு அழுதாள் கீதாஞ்சலி. பிறகு தானே பட்டுச்சேலையை விரித்து, கொசுவம் வைத்துவிட்டாள்.

மண்டபத்தில் சித்ரகலா கூறைச்சேலையைப் பிடித்து நின்றதும், பெண்வீட்டுப் பெரியம்மா கீதாஞ்சலியின் காதைக் கடித்தாள்.

"இவங்களுக்குத்தானே ஒடம்பு..."

"ஆமாங்க. குடியால வந்ததில்லீங்க, எப்படி வந்ததுன்னு பந்தியில உக்காந்து வெவரமாச் சொல்றேன். இப்பக் கொஞ்சம் நவுந்துக்குங்க," என்றாள் கீதாஞ்சலி. "எங்க மாமியார் நிக்கறது எனக்குத் தெரியோணும்!"