தூக்கி வைத்த வால்

காணும் பொங்கலுக்கு மறுநாள் காலையில், செஞ்சி திண்டிவனம் ரோட்டு மாடி ஆபீஸின் கதவைக் கலைவாணி தட்டவில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. அவள் கண்கள் அழுது சிவந்தவை அல்ல, தூங்காமல் சிவந்தவை என்று அன்புமணிக்குப் பார்த்ததும் தெரிந்தது.

அது ஜினப்பிரியாவின் ஆபீஸ். லாரி கவிழ்ந்தாலும் டிராக்டர் எரிந்தாலும் நேரில் போய்ப் பார்த்து, நடந்தது இன்னதென்று இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லும் சர்வேயர் அவர். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அவருக்கும் சேர்த்துக் கோபப்படுவதற்கென்றே போட்டோ எடுக்கும் அன்புமணி கூடவே இருந்தான்.

"எங்க ஊட்டுக்காரரை அடிச்சிட்டாங்கக்கா," என்றாள் கலைவாணி. "ஏரிக்கரைல, அத்தினி ஜனம் பாக்க."

அவள் புருஷன் தனசேகரன் பனமலை ஏரியில் விசைப்படகு ஓட்டுகிறவன். படகு, வல்லத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் செய்யும் இராமச்சந்திரனுடையது. சென்னைப் பக்கம் யாரோ வைத்திருந்ததை வாங்கி வந்து ஏரியில் விட்டிருந்தார். காணும் பொங்கலன்று விடிந்ததும் போய்ப் பார்த்தால், கரையோரம் கட்டியிருந்த படகின் பின்பக்கம் தண்ணீருக்குள் இறங்கிக் கிடந்தது. டிராக்டர் வைத்து இழுத்தார்கள். தகவல் தெரிந்து முதலாளி வந்து சேர்ந்தபோது படகின் அடியில் தண்ணீர் வடிக்கும் ஓட்டை திறந்திருந்தது. அதை அடைக்கும் பித்தளைத் திருகாணி தனசேகரனின் சட்டைப் பையில் இருந்தது. பொங்கலுக்கு லீவு கேட்டுக் கொடுக்காத ஆத்திரத்தில் இவன்தான் பிடுங்கிவிட்டான் என்று முதலாளி முடிவு கட்டினார். வேறெதுவும் கேட்கவில்லை. படகு சவாரிக்கு வந்த கூட்டத்தின் நடுவில் கன்னத்தில் அறைந்தார். அப்பாவின் படகில் போகப் புதுப்பாவாடை கட்டி வந்திருந்த மகள் பக்கத்தில் நின்றாள்.

"தண்ணி வடியட்டும்னு கரைக்கு வந்தப்புறம்தான் கழட்டினேன்னு தலதலயா அடிச்சிக்கிட்டாரு. எவன் பாத்தான்னு கேக்கறாரு மொதலாளி. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள ஒத்துக்கலன்னா ஸ்டேஷனுக்குப் போவாராம். எனக்கு அந்த வேலை வாணாம்க்கா. எம் பொண்ணு நேத்துலேர்ந்து பேசமாட்டேன்றா. திருட்டுப் பயலோட பொண்ணுன்னு அவளை நாளைக்கு ஸ்கூல்ல சொல்லுவாங்க. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

ஜினப்பிரியா மேசையில் இருந்த தாளை அவள் பக்கம் திருப்பினார். ஓட்டுநரின் நாசவேலை என்று எழுதி, இராமச்சந்திரன் கேட்டிருந்த இழப்பீட்டு விண்ணப்பம் காலையில்தான் வந்திருந்தது.

"நான் உங்க பக்கமும் இல்லம்மா, அவர் பக்கமும் இல்ல. தண்ணி எந்த வழியா வந்ததுன்னு பாக்கப் போறேன். உங்க ஊட்டுக்காரர் புடுங்கியிருந்தா அதையும் சொல்லுவேன்."

உப்புப் போட்டுச் சோறு தின்கிற எவனும் அந்த நேரத்தில் அப்படிப் பேசுவானா என்று அன்புமணி பொருமினான். கலைவாணியோ தலையாட்டினாள். அவளுக்கு வேண்டியதும் அதுதான் போலிருந்தது.

இதற்கு முன் படகில் தண்ணீர் ஏறியதுண்டா என்று ஜினப்பிரியா கேட்டார். காலையில் ஒரு சொம்புத் தண்ணீர் அடியில் கிடக்கும், பஞ்சால் ஒத்தி எடுத்துவிடுவார் என்றாள். ஓட்டும்போது? ஒருநாளும் இல்லை. படகு மூழ்கியதற்கு முந்தின சாயங்காலம் ஏதாவது வித்தியாசமாக நடந்ததா? மாட்டுப் பொங்கலுக்குப் படகுக்குப் பூஜை போட்டார்கள். வாலைத் தூக்கி மாலை போட்டார்கள். போகும்போது இறக்கி வைத்துவிடலாம் என்று தனசேகரன் சொன்னதற்கு முதலாளி, குங்குமம் கலைந்துவிடும், நாளைக்கு வருகிற ஜனம் பார்க்க வேண்டாமா என்று வாயை அடைத்துவிட்டார்.

ஜீப்பில் போகும்போது அன்புமணி, படகுக்கு ஏது வால் என்று கேட்டான். இந்த வகைப் படகில் எஞ்சின் உள்ளே இருக்கும், விசிறியைத் தாங்கிய கால் மட்டும் பின்சுவருக்கு வெளியே தொங்கும், பட்டனை அழுத்தினால் அது ஏறும், இறங்கும், அதைத்தான் வால் என்கிறார்கள் என்று ஜினப்பிரியா விளக்கினார். அன்புமணி வழியெல்லாம் இராமச்சந்திரனைத் திட்டிக்கொண்டே வண்டி ஓட்டினான்.

பனமலை ஏரி நிரம்பிக் கிடந்தது. கரையில் மிதிபடகுகள் விடும் பாவாடை என்பவன், காலை நீட்டி உட்கார்ந்து பொங்கல் கரும்பைக் கடித்துக்கொண்டிருந்தான். விசைப்படகு வந்தபின் அவன் படகுகளில் ஏற ஆள் இல்லை. இவன்தான் குற்றவாளி என்று அன்புமணி அந்த நிமிஷமே தீர்ப்பு எழுதிவிட்டான்.

பாவாடையும் சந்தோஷத்தை மறைக்கவில்லை. படகை இழுத்ததை போனில் படம் பிடித்து வைத்திருந்தான். ஊருக்கெல்லாம் காட்டியாயிற்று, இவர்களுக்கும் காட்டினான். டிராக்டர் உறுமியது. படகின் வால் மாலையோடு மேலே தூக்கி நின்றது. கயிறு அறுந்தது. வேறு கயிறு கட்டினார்கள், அதுவும் அறுந்தது. ஒருவழியாகக் கரையேறியபோது படகுக்குள் சீட்டு மட்டத்துக்குத் தண்ணீர் தளும்பியது. வாலின் அடியிலிருந்து மட்டும் மெல்லிய தாரையாக ஒழுகியது. படம் அத்தோடு முடிந்தது.

"மேடம், இதுல இன்னா இருக்குது. இவன்தான் பண்ணியிருப்பான், மூஞ்சியப் பாருங்க," என்று அன்புமணி காதருகே சொன்னான். ஜினப்பிரியா அதைக் காதில் வாங்காமல், படகில் ராத்திரி விளக்கு எரிந்ததா என்று பாவாடையைக் கேட்டார்.

"சீரியல் லைட்டு சுத்திவுட்டாங்க மேடம். தேரு மாதிரி சோக்கா எரிஞ்சுது. பூஜைக்கு இருந்துட்டு நானும் கெளம்பிட்டேன். காலைல வந்தா லைட்டும் இல்ல, பாதி போட்டும் இல்ல."

ஜினப்பிரியா அவனையும் ஜீப்பில் ஏறச் சொன்னார். போனைக் கெட்டியாகப் பிடித்தபடி அவன் ஏறினான்.

வல்லத்தில் இராமச்சந்திரனின் குடோன் முழுக்க மல்லாட்டை மூட்டைகள். நடுவில் டிரெய்லரின் மேல் படகு. ஏரி வற்றும் மாதங்களிலும் அது இங்கேதான் கிடக்கும். தரையெல்லாம் எலிப் புழுக்கை. அன்புமணி புதுச் செருப்பால் அதை மிதித்துவிட்டு முகம் சுளித்தான். சொல்லியனுப்பியபடி தனசேகரனும் கலைவாணியும் ஓரமாக நின்றிருந்தார்கள். தனசேகரனின் கன்னத்தில் தடம் எதுவும் இல்லை. ஆனால் அவன் அந்தக் கன்னத்தை யாருக்கும் காட்டாமல் திரும்பியே நின்றான்.

இராமச்சந்திரன் சர்வேயரைத் தன் ஆளாகவே நினைத்து வரவேற்றார். காபி வரவழைத்தார். இந்தக் காலத்தில் யாரையும் நம்ப முடிவதில்லை என்று ஆரம்பித்தார்.

"நாங்க ஜைனருங்க, பொழுது சாயறதுக்குள்ள நான் சாப்பிட்டாகணும் சார். அதுக்கு முன்னாடி முடிச்சிடலாம்," என்றார் ஜினப்பிரியா.

பித்தளைத் திருகாணியை ஓட்டையில் இறுக்கி மாட்டச் சொன்னார். ஹோஸ் பைப்பைப் படகுக்குள் விட்டு, எஞ்சினின் அடிப்பாகம் மூழ்கும் வரை தண்ணீர் நிரப்பச் சொன்னார். குடோனுக்கு வந்தபின் இறக்கி வைத்திருந்த வாலின் பின்னால் குனிந்து பார்த்தார். மூட்டைத் தூக்கிகள் வேலையை விட்டுவிட்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு வாலின் அடித்தண்டிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அப்புறம் இன்னொன்று.

"இந்தச் சொட்டுலயா மேடம் என் போட்டு முழுவிச்சு?" என்று இராமச்சந்திரன் சிரித்தார். அன்புமணி பல்லைக் கடித்தான்.

"டிராக்டர் பேட்டரியிலிருந்து ஒயர் குடுங்க. தனசேகரன், வாலைத் தூக்குங்க. மாட்டுப் பொங்கலன்னைக்கு எவ்வளவு தூக்கியிருந்ததோ அவ்வளவு."

வால் முனகிக்கொண்டு மேலேறியது. பாதி உயரம் வந்ததும் சொட்டு நூலாயிற்று. முழுக்க ஏறியதும் பால் கறப்பதுபோல் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு இராமச்சந்திரனின் வேட்டியை நனைத்தது.

ஜினப்பிரியா நிதானமாகக் கைகளைத் துடைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார்.

"படகுச் சுவரும் வாலும் சேர்ற இடத்துல மடிப்பு மடிப்பா ஒரு ரப்பர் உறை இருக்குது. வெளித்தண்ணி உள்ள வராம தடுக்கறது அதுதான். வால் கீழ இருந்தா அடிப்பக்க மடிப்பெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். தூக்கினா விரியும். விசிறி வெளிய தெரிஞ்சாலும் அந்த ரப்பர் தண்ணிக்குள்ளதான் இருக்கும். மடிப்புக்குள்ள ஒரு கிழிசல் இருந்தா, இறக்கி வச்ச ராத்திரில ஒரு சொம்பு வரும். தூக்கி வச்ச ராத்திரில ஏரியே வரும்."

தண்ணீர் ஏறினால் வெளியே தள்ளப் படகிலேயே பம்ப் உண்டு, அது தானாக ஓடுமே என்று இராமச்சந்திரன் மடக்கினார். குரலில் பழைய தெம்பு இல்லை.

"ஓடும், பேட்டரி இருந்தா. சீரியல் லைட்டை எதுல மாட்டினீங்க?"

படகு பேட்டரியில்தான் மாட்டினோம், மொதலாளி சொல்லித்தான் மாட்டினோம் என்று மூட்டை தூக்குகிறவர்களில் ஒருவன் சொல்லிவிட்டு மூட்டைக்குப் பின்னால் நகர்ந்துகொண்டான்.

"சரி, கிழிசல் இருக்கட்டும். இவன் திருகாணியும் புடுங்கலன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று இராமச்சந்திரன் விடவில்லை.

ஜினப்பிரியா பாவாடையின் போனை வாங்கி அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். "கயிறு ரெண்டுதரம் அறுந்துது பாருங்க. கரையேறினப்புறமும் சீட்டு மட்டத்துக்குத் தண்ணி. அடியில ஓட்டை தெறந்திருந்தா, மேடேறும்போதே அதுவழியா கொட்டியிருக்கும். இதுல வாலண்டை மட்டும்தான் ஒழுவுது. அதனால அப்போ திருகாணி மாட்டித்தான் இருந்தது. அதுக்கப்புறம்தான் இவர் கழட்டினார். தொலைஞ்சிடக் கூடாதுன்னு பையில போட்டுக்கிட்டார். பொறுப்பா வேலை செய்யறவன் அதைத்தான் செய்வான்."

அன்புமணி தன் தலையில் அடித்துக்கொண்டான். அதே படத்தை அவனும்தான் பார்த்தான். அதைவிட, தெரிந்தோ தெரியாமலோ ஒரு மனுஷனின் மானத்தைப் பையில் வைத்துக்கொண்டு கரும்பு தின்ற பாவாடையைப் பார்க்கச் சகிக்கவில்லை. பாவாடை தலையைக் குனிந்துகொண்டான்.

கிழித்தது யார் என்பது மட்டும் பாக்கி. ஜினப்பிரியா டார்ச்சை அடித்து, விரிந்த மடிப்புக்குள் இராமச்சந்திரனைப் பார்க்கச் சொன்னார். ரப்பரில் சின்னச் சின்னப் பல்தடங்கள். பக்கத்தில், தண்ணீரிலும் கரையாமல் மடிப்பின் இடுக்கில் ஒட்டிய சந்தனக் கறை, அதில் இரண்டு பொரியின் உமி.

"ஆயுத பூஜைக்குப் படகு இந்தக் குடோன்லதான் இருந்தது. வாலுக்குப் பொட்டு வச்சு, பொரியும் வெல்லமும் வச்சுப் படைச்சது யாரு?"

எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள். அன்றைக்கு யாரையும் கிட்டே விடாமல் தன் கையாலேயே படைத்தவர் அவர்தான். மல்லாட்டைக் குடோனில் எலிக்கா பஞ்சம். வெல்லத்துக்கு வந்த எலி ரப்பரையும் ருசி பார்த்துவிட்டுப் போயிருந்தது.

"எலிக்குப் படைச்சதும் நீங்க. இறக்கலாம்னவர் வாயை அடைச்சதும் நீங்க. பேட்டரியைத் தீர்த்ததும் நீங்க," என்றார் ஜினப்பிரியா. "நாசவேலை இல்லன்னு நான் எழுதிடுவேன். நீங்க ஸ்டேஷனுக்குப் போனா, சாட்சி சொல்ல நானும் வருவேன்."

இராமச்சந்திரன் ஈர வேட்டியை உதறினார். பிறகு, யாருக்கோ தானம் கொடுக்கிற குரலில், "சரி வுடுப்பா தனசேகரா. நாளைக்கு வேலைக்கு வந்துடு," என்றார்.

"அடிச்சது ஏரிக்கரைல," என்றாள் கலைவாணி. "வுடுன்றது குடோன்லயா?"

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் மூட்டைத் தூக்கிகளில் ஒருவர்கூட முதலாளிக்குப் பரிந்து வாய் திறக்கவில்லை. பாவாடை மட்டும் பேசினான். படத்தை ஊருக்கெல்லாம் காட்டியது தான்தான் என்றும், மொதலாளி கரைக்கு வந்து சொல்லும்வரை மேடம் சொன்ன நியாயத்தையும் சேர்த்தே காட்டப்போவதாகவும் சொன்னான். அன்புமணிக்கு அவன்மேல் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது.

புது ரப்பர் சென்னையிலிருந்து வந்தது. அதை மாட்டியது தனசேகரன்தான். ஏன் மாட்டுகிறாய், வேறு ஆளை வைத்துக்கொள்ளட்டுமே என்று அன்புமணி சண்டைக்கே போனான். ஏறப்போவது ஊர்ப் பிள்ளைகள் என்று தனசேகரன் சொல்லிவிட்டு, பழைய பசையைச் சுரண்டி, புது உறையை மாட்டி, பட்டியை முறுக்கினான். வாலை ஏற்றியும் இறக்கியும் உள்ளே தண்ணீர் விட்டுப் பார்த்தான். ஒரு சொட்டு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் காணும் பொங்கலன்று இருந்ததில் பாதிக் கூட்டம் இருந்தது. இராமச்சந்திரன் வந்தார். தனசேகரனுக்கு எதிரே நின்று, "தப்பு நடந்துபோச்சு," என்றார். தப்பு தானாகவே நடந்து வந்து தனசேகரனின் கன்னத்தில் மோதிவிட்டுப் போனதைப்போல இருந்தது. நான் செய்தேன் என்ற சொல் கடைசிவரை அவர் வாயில் வரவில்லை. அன்புமணி கைமுஷ்டியை மடக்கினான். ஜினப்பிரியா அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியும் வலிக்கும் அளவுக்கு இறுகியிருப்பதை அப்போதுதான் அவன் கவனித்தான்.

தனசேகரன் மகளைப் படகில் ஏற்றினான். கலைவாணியும் ஏறினாள். மூவரும் ஏரியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார்கள். திரும்பி வரும்போது அந்தப் பெண் அப்பாவிடம் எதையோ காட்டி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது கரைக்கே கேட்டது.

படகைக் கட்டினான். வாலை இறக்கினான். சாவியைக் கழற்றி எடுத்துக்கொண்டு, அத்தனை ஜனம் பார்க்க நடந்துவந்து, இராமச்சந்திரனின் உள்ளங்கையில் வைத்தான்.

"ராத்திரில எறக்கி வைங்க," என்றான்.

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கரையேறி நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.