முழங்காலுக்கு மேலே எழும்பாத பந்து

சனிக்கிழமை முதல் ஆட்டம். இன்று புதன்.

அம்மா நாளைக்கு உடுத்த வேண்டிய சீருடையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அம்மா பேருந்து ஓட்டுநர். காலையில் முதல் வண்டி அவருடையது.

“எப்படி இருக்கு உங்க அணி?” என்று கேட்டார்.

சிட்டு விரல்விட்டு எண்ணினாள். “மலை கோல்கீப்பர். ரெண்டு கையையும் விரிச்சான்னா பாதி வலை மறைஞ்சிடும். வானொலி நல்லா ஓடுவான். பேசிக்கிட்டேதான் ஓடுவான், ஆனா ஓடுவான். மத்த நாலு பேரும் தேறிட்டாங்க. மூணு மாசமா ஒரு நாள் விடாம பயிற்சி.”

“போன வருஷம் எத்தனை கோல் போட்டீங்க?”

“அம்மா!”

“சும்மா கேட்டேன்டி.”

போன வருடம் ஏழு ஆட்டம். ஏழிலும் தோல்வி. தோற்றதுகூடப் பெரிதில்லை. ஏழு ஆட்டத்திலும் சேர்த்து ஒரு கோல்கூட விழவில்லை. ஏழு முட்டை. பள்ளிக்கூடத்தில் அவர்கள் அணிக்கு ‘முட்டைக்கடை’ என்றே பெயர் விழுந்துவிட்டது. சாப்பாட்டு இடைவேளையில் யாராவது வந்து, “அரை டஜன் குடுங்க” என்று கேட்டுவிட்டு ஓடுவார்கள்.

“இந்த வருஷம் ஒண்ணு போட்டாப் போதும்மா. ஒண்ணே ஒண்ணு. முதல் ஆட்டத்துலயே போட்டுட்டா அந்தப் பேரு போயிடும்.”

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “போடுவீங்க” என்றார்.

அணியிலேயே உயரம் குறைந்தவள் அவள்தான். அதனால்தான் சிட்டு. ஆனாலும் அவள்தான் தலைவி. ஏனென்றால், பந்து அவளுடையது.

அவர்கள் தெருவில் மைதானம் கிடையாது. சலவைக்கடைக்குப் பின்னால் ஒரு முற்றம்தான் உண்டு. அந்த முற்றத்தில் பன்னிரண்டு கொடிக்கயிறுகள். ஒவ்வொன்றிலும் மருத்துவமனையின் வெள்ளை விரிப்புகள் வரிசையாகத் தொங்கும். தரையிலிருந்து முழங்கால் உயரம் மட்டும் காலியாக இருக்கும். அதற்கு மேலே எல்லாம் துணி.

மூன்று மாதத்துக்கு முன்பு சிட்டு போய் இடம் கேட்டாள். சலவைக்கார அக்கா இடுப்பில் கை வைத்து அவளை மேலும் கீழும் பார்த்தார். மேலும் கீழும் பார்க்க அதிக நேரம் ஆகவில்லை.

“விளையாடுங்க. ஆனா பந்து முழங்காலுக்கு மேல எழும்பக் கூடாது. எவன் உதைச்ச பந்து விரிப்புல படுதோ, அவனே துவைச்சுக் காயப் போடணும்.”

“பொண்ணு உதைச்சா?”

“அவளும்தான்.”

முதல் வாரம் பதினோரு விரிப்புகள் துவைத்தார்கள். அதில் மலை மட்டும் ஆறு. இரண்டாவது வாரம் மூன்று. பிறகு பந்து தரையை விட்டு எழும்பவே இல்லை.

வியாழக்கிழமை அவர்களுக்கு உண்மையான மைதானம் கிடைத்தது. எதிரே தீயணைப்பு நிலையத் தெரு அணி. சனிக்கிழமையும் இவர்களோடுதான் ஆட்டம். அந்த அணியில் எல்லோருமே நெட்டை. அதனால் ஊரில் அவர்களை ‘ஏணிகள்’ என்பார்கள்.

மலை பந்தை ஓங்கி உதைத்தான். பந்து வானத்துக்குப் போனது.

அவ்வளவுதான். சிட்டுவும் மற்ற ஐந்து பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். வானொலி “ஐயோ!” என்று கண்ணை மூடிக்கொண்டான். மூன்று மாதப் பழக்கம் அல்லவா? பந்து மேலே போனால் எந்த விரிப்பில் விழும் என்று பார்த்துத்தான் அவர்களுக்குப் பழக்கம்.

இங்கே விரிப்பு ஏது? பந்து ஏணித் தலைவனின் தலையில் விழுந்தது. அங்கிருந்து வலையில் விழுந்தது.

இப்படியே ஆறு முறை.

“ஆறு பூஜ்ஜியம்!” என்றான் ஏணித் தலைவன். “அரை டஜன் கேட்டேன், சரியா இருக்கு. மிச்சத்தைச் சனிக்கிழமை வாங்கிக்கறேன்.”

சிட்டு பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் மதியத்தோடு விட்டுவிட்டது. மூன்று மணிக்கு மைதானம் அவர்களுக்கு. ஒரே ஒரு மணி நேரம். கடைசிப் பயிற்சி. அதற்கு முன் எல்லோரும் சலவைக்கடை முற்றத்தில் கூடினார்கள்.

“எல்லாம் இந்தத் துணியாலதான்!” என்றான் வானொலி. “ஊருல எல்லாரும் பந்தாட்டம் கத்துக்கிட்டாங்க. நாம துவைக்கக் கத்துக்கிட்டோம். தலையால முட்டத் தெரியுதா? தெரியாது. உயரப் பந்தைப் பிடிக்கத் தெரியுதா? தெரியாது. சோப்பு நுரை வரவைக்கத் தெரியுதா? நல்லாத் தெரியுது!”

“போதும்டா” என்றான் மலை.

“போதாது!” என்று கத்தி, வானொலி பந்தை ஓங்கி உதைத்தான்.

பந்து நேராக ஒரு கொடிக்கயிற்றில் மோதியது. கயிற்றைக் கட்டியிருந்த ஆணி சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. பதினெட்டு விரிப்புகள் சரசரவென்று சரிந்தன. கீழே தண்ணீர் ஓடி ஓடிச் சேறாகிக் கிடந்த தரை.

அக்கா வெளியே வந்தார். எல்லோரும் திட்டு விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டார்கள்.

அக்கா திட்டவில்லை. விரிப்புகளைப் பார்த்தார். பிறகு உள்ளே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி வண்டி வந்திடும்” என்றார் மெதுவாக. “மெஷின்ல வேற துணி ஓடுது.”

அவ்வளவுதான் சொன்னார். குனிந்து ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சிட்டுவுக்குத் தோன்றியது.

“மணி ரெண்டரை ஆச்சு” என்றான் வானொலி, தரையைப் பார்த்தபடி. “இன்னைக்கு விட்டா மைதானம் கிடைக்காது. உயரப் பந்து பழகியே ஆகணும். நாளைக்கு ஒரு கோல் வேணும்னா...”

சிட்டுவுக்கும் அந்தக் கோல் வேண்டும். மற்ற ஆறு பேரைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வேண்டும். அவள் பந்தைத் துடைத்து மலையின் கையில் கொடுத்தாள்.

“நீங்க போங்க. நான் வரல.”

“தலைவி நீதானே?”

“அதனாலதான்” என்றாள் சிட்டு. கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டாள்.

அவர்கள் போனார்கள். சிட்டு வாளியில் தண்ணீர் பிடித்தாள். சேறு முதலில் போக வேண்டும், பிறகுதான் சோப்பு. அது இப்போது அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

“நாளைக்கு ஆட்டம் வெச்சுக்கிட்டு இங்க உனக்கு என்ன வேலை?” என்றார் அக்கா.

“விரிப்பு விழுந்திடுச்சே அக்கா.”

“நீ உதைக்கலையே.”

“பந்து என்னோடதுதானே?”

அக்கா சிரித்துவிட்டார். “அப்ப நல்லாப் பிழி” என்றார்.

நான்கு விரிப்புகள் முடிந்தன. கைகள் சிவந்துவிட்டன. இன்னொரு கயிற்றில் இடம் பார்த்து அக்கா ஒவ்வொன்றாகக் காயப் போட, சிட்டு கவ்வி மாட்டினாள். ஒரு கவ்வி கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தாள்.

விரிப்புக்கு அடியில், முற்றத்தின் அந்தப் பக்கத்தில் இரண்டு கால்கள் தெரிந்தன. இடது காலணியின் குதிகால் தேய்ந்திருந்தது.

“வானொலி, அந்த வாளியைக் கொண்டா” என்றாள் சிட்டு.

விரிப்பு விலகி ஒரு தலை எட்டிப் பார்த்தது.

“நான்தான்னு எப்படித் தெரிஞ்சுது? நான் வாயே திறக்கலையே!”

அவன் பின்னால் இன்னும் இரண்டு கால்கள். பெரியவை. “மலை, நீ பிழியற மெஷின் பக்கம் போ.” அதன் பின்னால் ஆரஞ்சு நிறக் காலணி நாடா. பிறகு ஒட்டுப் போட்ட காலணி. பிறகு இரண்டு ஜோடி ஒல்லிக் கால்கள். ஆறு பேரும் வந்திருந்தார்கள்.

“பாதி வழி போனோம்” என்றான் மலை. “நல்லாவே இல்ல. திரும்பிட்டோம்.”

வானொலி அக்காவின் முன் போய் நின்றான். “அக்கா...” என்றான். பிறகும் “அக்கா...” என்றான்.

“சரி, சரி. சோப்பை எடு” என்றார் அக்கா.

சிட்டு இன்னும் குனிந்தபடியே இருந்தாள். அவளுக்கு ஏதோ பிடிபட்டது. எழுந்து ஒரு விரிப்புக்குப் பின்னால் போய் நின்றாள்.

“டேய், கேளுங்க. எல்லாரும் குனிஞ்சு பாருங்க. இது யாரு காலு?”

“உன் காலு.”

“முகம் தெரியுதா?”

“தெரியல.”

“மூணு மாசமா நாம முகத்தைப் பார்த்து விளையாடவே இல்ல. காலைத்தான் பார்த்தோம். எத்தனை காலு நடுவுல இருந்தாலும் நம்ம காலு எதுன்னு நமக்குத் தெரியும். மலை, நேத்து ஏன் பந்தை மேல மேல அடிச்சே?”

மலை தலையைச் சொறிந்தான். “கோல்கீப்பர்னா அப்படித்தானே அடிக்கணும்?”

“நாம மேல அடிச்சா அது அவங்க பந்து. கீழ இருந்தா அது நம்ம பந்து. நாளைக்கு உருட்டு.”

“வெறும்ன உருட்டவா?”

“வெறும்ன உருட்டு.”

ஆறு மணிக்கு மருத்துவமனை வண்டி வந்தது. பதினெட்டு விரிப்புகளும் காய்ந்து, மடித்து, ஏறிப் போயின.

சனிக்கிழமை. நடுவர் தபால்காரர். பை இல்லாமல், விசிலோடு அவரைப் பார்க்கவே வேடிக்கையாக இருந்தது. கோட்டுக்கு வெளியே சிட்டுவின் அம்மா சீருடையோடு நின்றார். அடுத்த வண்டிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

முதல் பாதியில் ஏணிகள் இரண்டு கோல் போட்டார்கள். இரண்டும் தலையால். அதற்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஆனால் இந்த முறை இவர்கள் உதைத்த பந்து வானத்துக்குப் போகவும் இல்லை, இவர்கள் யாரும் நின்றுவிடவும் இல்லை. மலை உருட்டினான். உருட்டிக்கொண்டே இருந்தான். ஏணிகள் பழக்கத்தில் மேலே பார்த்தார்கள். பந்து அவர்கள் காலடியில் போய்க்கொண்டிருந்தது.

இரண்டாவது பாதியில், முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, பந்து சிட்டுவிடம் வந்தது. அவளைச் சுற்றி நான்கு ஏணிகள். அவளுக்கு வலை தெரியவில்லை. முகம் தெரியவில்லை. சுற்றிலும் கால்கள்தான்.

அது அவளுக்குப் பழகிய இடம்.

கால்களுக்கு நடுவே, தூரத்தில், தேய்ந்த குதிகால் ஒன்று தெரிந்தது.

சிட்டு தட்டினாள். பந்து ஏணித் தலைவனின் இரண்டு கால்களுக்கு நடுவே புகுந்து போனது. வானொலி அதை நிறுத்தக்கூட இல்லை. அப்படியே தள்ளினான். தரையோடு தரையாக, முழங்காலுக்குக் கீழே, வலைக்குள்.

விசில் ஒலித்தது.

வானொலி வாயைத் திறந்தபடி நின்றான். முழுசாக ஒரு நிமிடம் அவனிடமிருந்து ஒரு சொல்கூட வரவில்லை. அவனுக்குப் பதிலாக மற்ற ஆறு பேரும் கத்தினார்கள். கோட்டுக்கு வெளியே ஒரு ஓட்டுநரும் கத்தினார்.

ஆட்டம் இரண்டுக்கு ஒன்று என்று முடிந்தது. தோற்றவர்கள் ஒருவரை ஒருவர் தூக்கிச் சுற்றினார்கள்.

“ஏய், ஜெயிச்சது நாங்கடா!” என்றான் ஏணித் தலைவன்.

“ரொம்ப சந்தோஷம்!” என்று மலை அவனையும் தூக்கினான். “முட்டைக்கடையை மூடியாச்சு. இனிமே வேற எங்கயாவது வாங்கிக்கோ.”

ஏணித் தலைவன் இறங்கி, சட்டையைச் சரி செய்தான். “சரி, அந்த உருட்டல் ஆட்டம் எங்க கத்துக்கிட்டீங்க?”

“சலவைக்கடையில” என்றாள் சிட்டு.

அவன் நம்பவில்லை.

நேரே முற்றத்துக்கு ஓடினார்கள். அக்காவுக்குச் சனிக்கிழமையும் வேலை. சுவர் ஓரமாக ஏணி மேல் தச்சர் நின்றுகொண்டிருந்தார். பிடுங்கிப் போன ஆணிக்குப் பதில் புது ஆணி அடிக்க வந்திருந்தார்.

“எவ்வளவு?” என்றார் அக்கா.

“ரெண்டுக்கு ஒண்ணு.”

“யாருக்கு ரெண்டு?”

“அவங்களுக்கு.”

“அப்ப ஒண்ணு?”

“நமக்கு!” என்றார்கள் ஏழு பேரும்.

அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“ரொம்ப நன்றி அக்கா” என்றாள் சிட்டு.

“எனக்கு எதுக்குடி? முழங்காலுக்கு மேல எழும்பக் கூடாதுன்னு மிரட்டினேன். வேற என்ன பண்ணேன்?”

“அதுக்குத்தான் அக்கா.”

அக்காவுக்குப் புரிந்ததோ இல்லையோ, முகம் மலர்ந்தது. “நானும் உங்களுக்கு ஒண்ணு பண்றேன். கயிறு எல்லாத்தையும் ஒரு முழம் உயர்த்திக் கட்டச் சொல்லிட்டேன். இனிமே தாராளமா விளையாடலாம்.”

தச்சர் சுத்தியலை ஓங்கினார்.

“வேண்டாம் அக்கா!” என்று ஏழு குரல்கள் ஒன்றாக எழுந்தன.

தச்சர் ஓங்கிய கையோடு அப்படியே நின்றார். “முடிவா ஒண்ணு சொல்லுங்கம்மா” என்றார்.

அக்கா ஏழு பேரையும் பார்த்தார். மேலும் கீழும் பார்த்தார்.

“பழைய இடத்துலயே அடிங்க” என்றார்.

ஆணி இறங்கி முடிப்பதற்குள், விரிப்புகளுக்கு அடியில் பந்து உருளத் தொடங்கியிருந்தது.