தகட்டின் உள்பக்கம்

செவ்வாய்க்கிழமை தட்டிச் சமப்படுத்திய தகடு புதன்கிழமை காலையில் மறுபடியும் புடைத்திருந்தது.

இராஜசிங்கம் குடையை மடக்காமலே குனிந்து பார்த்தார். வேனின் இடப்பக்கம், பின்சக்கரத்துக்கு மேலே, அதே இடத்தில் அதே புடைப்புகள். ஒவ்வொன்றும் பெருவிரல் நுனி அளவு. முன்தினம் மாலை அந்த இடத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அவர் பஸ் ஏறியிருந்தார். அப்போது வழுவழுவென்று இருந்தது.

"நேற்று இது சரியாயிருந்ததே," என்றார்.

கராஜ் முதலாளி புவாட் வாயில் வெற்றிலையோடு வந்து நின்றார். "தகடு நீண்டு போய் ஈக்கி, ஐயா. நீண்ட தகடு ராவைக்குக் குளிர்ந்தா திரும்பித் தள்ளும்." ஒரு புடைப்பை விரலால் சுண்டினார். "ஆனா இது வெளிய இடிபட்ட இல்ல. உள்ளுக்கிருந்து குத்தின. என்னத்தய ஏத்தினீங்க, மாடா?"

வெல்டிங் வேலை செய்யும் கன்னையா சிரித்தான். "மாடா இருந்தா கொம்பால ஓட்டையே போட்டிருக்கும் மொதலாளி."

இராஜசிங்கமும் சிரித்தார். இந்த இடத்தில் சிரிப்பதுதான் நல்லது என்று தோன்றியது.

"சாமான் இடிச்சது. பழைய கதை. அந்த இடத்தை வெட்டி எடுத்துப்போட்டுப் புதுத் தகடு வையுங்கோ. வெட்டின துண்டு எனக்கு வேணும்."

"அந்தத் துருப் புடிச்சதயா?"

"ஓம்."

"கோழிக்கூட்டுக்குக் கதவு போடப் போறார் போல," என்றார் புவாட், கன்னையாவிடம்.

மாவனல்லைக்கு மேலே உள்ள இரப்பர் தோட்டமொன்றில் இராஜசிங்கம் கணக்கெழுதும் பெரிய கிளாக்கர். வேன் முன்பு தோட்டத்துத் துரையுடையது. உள்ளே கட்டில், அலுமாரி, சின்ன அடுப்பு, ஜன்னலுக்குத் திரை எல்லாம் வைத்து ஜெர்மனியில் செய்து கப்பலில் வந்தது. துரை அதை ஓட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய் அதிலேயே படுத்து எழும்பி வருவார். தோட்டத்தை அரசாங்கம் எடுத்ததும் துரை சீமைக்குப் போனார். வேன் கொட்டகையில் கிடந்து துருவேறியது. பழைய சாமான்களை ஏலம் போட்டபோது இராஜசிங்கம் அதை எடுத்தார்.

"இதிலை ஏறி எங்கை போகப்போறியள்?" என்று மனைவி குணேஸ்வரி கேட்டாள்.

எங்கும் போவதற்கில்லை. வேறு யாரும் அதை வாங்கி, அந்தப் புடைப்புகளைப் பார்த்து, இது எப்படி வந்தது என்று கேட்கக்கூடாது. அவ்வளவுதான்.

துரை நுவரெலியாவுக்குப் போயிருந்த ஒரு காலையில் அவர் கேட்காமல் அந்த வேனை எடுத்திருந்தார். பனி மூட்டம். வளைவில் இரப்பர்ப் பால் வெட்டப் போன ஒருத்தி மேல் வேன் மோதியது. புஷ்பம் என்று பெயர். கால் இரண்டும் முறிந்திருந்தன, ஆனால் பேசினாள். தூக்கிப் பின்னால் கிடத்தி, பின்கதவைச் சாத்தி, கேகாலை ஆஸ்பத்திரிக்கென்றுதான் புறப்பட்டார். தோட்டத்தைத் தாண்டுமுன் ஒரு கேள்வி வந்தது: சாவியை யார் கொடுத்தது என்று துரை கேட்டால்? இரப்பர் சீட்டுகளைப் புகைபோடும் கட்டடத்துக்குப் பின்னால் வேனை நிறுத்தினார். இறங்கினார். மதிலில் உட்கார்ந்தார்.

அவள் பால்வெட்டும் கத்தியின் பிடியால் தகட்டில் அடித்தாள். ஐயா என்று கூப்பிட்டாள். பிறகு கூப்பிடாமல் அடித்தாள். இடையில் நீண்ட நேரம் ஒன்றுமில்லை, மறுபடியும் ஒரு அடி. அவர் மதிலிலிருந்து எழும்பவில்லை. சத்தம் முற்றாக நின்ற பிறகு அவளை ஓடையில் கொண்டுபோய்க் கிடத்தி, கற்களுக்கிடையில் கண்டெடுத்ததாக எல்லோரிடமும் சொன்னார். வழுக்கி விழுந்தாள் என்று முடிந்தது.

வியாழக்கிழமை வெட்டிய துண்டு கிடைத்தது. சாக்கில் சுற்றி எடுத்துப்போய் மா ஓயா ஆற்றுப் பாலத்திலிருந்து போட்டார். தண்ணீர் மண்நிறமாக ஓடிக்கொண்டிருந்தது. துண்டு மிதக்கவில்லை. அன்றிரவு நன்றாகத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தபோது புதுத் தகடு ஓட்டையில் பொருத்தப்பட்டு, ஓரங்களில் அங்கங்கே புள்ளி வைத்தாற்போல் பிடிக்கப்பட்டிருந்தது. பெயின்ட் அடிப்பதற்காக ஜன்னல்களில் கடதாசி ஒட்டியிருந்தார்கள். கராஜின் தகரக் கூரையில் மழை. புவாட்டும் மற்றவர்களும் தொப்பியை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள்.

"ஜும்மாவுக்குப் போய்ட்டு வாரோம், ஐயா. கன்னையா ஈக்கிறான்."

கன்னையா இறக்குவானைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்தவன். வெள்ளிக்கிழமை மத்தியானத்தில் கராஜில் மிஞ்சுவது அவன் மட்டும்தான். கார்பைட் தொட்டியில் வெல்டிங் காஸ் கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளிப் பூண்டு அழுகியது போன்ற வாடை.

"ஐயா, ஒரு ஒத்தாசை பண்ணுவீங்களா? உள்ளுக்குக் கட்டை பிடிக்கிற ஆளும் பள்ளிவாசலுக்குப் போயிட்டாரு. கார்பைட்டு போட்டாச்சு, நிப்பாட்ட ஏலாதுங்க. சும்மா ஒக்காந்து பிடிச்சாப் போதும்."

வெளியே சூட்டோடு சூடாகச் சுத்தியலால் தட்டும்போது, உள்ளே ஒருவர் இரும்புக் கட்டையைத் தகட்டோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். கட்டையைச் சரியாக வைத்ததும் உள்ளேயிருப்பவர் தகட்டில் ஒரு தட்டுத் தட்டுவார். அதற்குப் பிறகுதான் சுத்தியல் விழும். நெருப்பின் இரைச்சலில் பேச்சு கேட்காது. தட்டுதான் பேச்சு.

மறுப்பதற்கு இராஜசிங்கம் ஒரு காரணம் தேடினார். சொல்லக்கூடியதாக ஒன்றும் கிடைக்கவில்லை. ஏறினார்.

"காத்து வந்தா நெருப்பு அணைஞ்சிரும்," என்று கன்னையா கதவைச் சாத்தினான். பூட்டைக் கழற்றியிருந்ததால் வெளியே கம்பி போட்டு முறுக்கும் சத்தம் கேட்டது.

உள்ளே கடதாசியில் வடிந்து வந்த மங்கல் வெளிச்சம். முன்னிருக்கைக்கும் பின்பகுதிக்கும் நடுவே இரும்புச் சுவர். கட்டிலையும் அலுமாரியையும் கழற்றி எடுத்துவிட்ட வெறும் தரை, அதில் ஈரச் சாக்கு, எரிந்த பெயின்டின் கசப்பு, எல்லாவற்றுக்கும் அடியில் மெல்லிதாக வேறொரு வாடை. புளித்த இரப்பர் பால் வாடை. தோட்டத்துச் சட்டையோடு வந்திருக்கிறேன், அதுதான், என்று நினைத்துக்கொண்டார்.

நெருப்பு தொடங்கியது. தகட்டின் ஓரத்தில் வெள்ளைக் கோடொன்று எரிந்து, சிவந்து, மெதுவாக நகர்ந்தது. அவர் கட்டையை அதன் பின்னால் வைத்துத் தட்டினார். சுத்தியல் விழுந்தது. பின்னால் இரும்பு இருக்கும் தகடு குரலில்லாமல் அடங்கி ஒலித்தது. நகர்த்தினார். தட்டினார். மறுபடியும் அதே அடங்கிய ஒலி. அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சூடு தாங்காமல் ஒரு தடவை கட்டையை விலக்கினார்.

சுத்தியல் விழுந்தது. தகடு அதிரவில்லை. அதே அடங்கிய ஒலி.

கட்டை அவர் மடியில் இருந்தது.

வெறும் தகடென்றால் மணி போல அதிர வேண்டும். அதை அவர் மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். புதுத் தகடு தடிப்பாயிருக்கும். ஈரச் சாக்கு பட்டிருக்கும். சாக்கு காலடியில் கிடந்தது. அவர் அசையாமல் உட்கார்ந்து கவனித்தார். மங்கலில், தோளுக்குப் பக்கத்திலிருந்து, தகட்டில் ஒரு தட்டு. சின்னத் தட்டு. மரப்பிடி படுகிற சத்தம்.

சுத்தியல் விழுந்தது.

"நல்லாப் பிடிக்கிறீங்க ஐயா!" கன்னையா வெளியிலிருந்து கத்தினான். "அப்படியே போங்க!"

"நிப்பாட்டு," என்றார் இராஜசிங்கம். பிறகு கத்தினார். "நிப்பாட்டு! கதவைத் திற!"

நெருப்பு இரைந்தது. கூரையில் மழை கொட்டியது. அவர் பின்னுக்கு ஊர்ந்து கதவைத் தள்ளினார். கம்பி இழுபட்டு நின்றது. கையை மடக்கிக் கதவில் ஓங்கி அடித்தார்.

உடனே சுத்தியல் விழுந்தது.

மறுபடியும் அடித்தார். மறுபடியும் விழுந்தது. அவன் ஒவ்வொரு அடிக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். அவர் அடித்தால் வேலை நடக்கும். அடிக்காவிட்டால் மற்றது தட்டும். அப்போதும் வேலை நடக்கும்.

ஜன்னலில் கடதாசி ஒட்டாத ஓரமொன்றில் கண்ணை வைத்தார். கண்ணாடிக்கு வெளியே கராஜ் சுவர். ஆள் இல்லை. தெரு இல்லை. இன்னும் தொழுகை முடியவில்லை.

"ஐயா," என்று உள்ளே யாரோ சொன்னார்கள்.

அவர் திரும்பவில்லை. கண்ணாடியில் நெற்றியை வைத்தார். பால் வாடை இப்போது வாய்க்குள் வந்தது. மூச்சு விட்டால் உள்ளே போயிற்று.

"ஐயா."

"ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போனனான்," என்றார் கண்ணாடியைப் பார்த்து. "சத்தியமாய். ஆஸ்பத்திரிக்குத்தான்."

கேட்டது நெருப்பு மட்டும். வெளிச்சம் சுவரில் நகர்ந்தது.

அவர் திரும்பினார்.

ஓரத்தில் இன்னும் மூடாமல் விரலளவு இடைவெளி. அதன் வழியே நெருப்பின் வெள்ளை வெளிச்சம் நேராக உள்ளே விழுந்தது. அந்த வெளிச்சத்தில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கால்கள் இரண்டும் தவறான பக்கத்துக்கு மடங்கியிருந்தன. ஒரு உள்ளங்கையால் சிவந்த தகட்டைத் தாங்கிப் பிடித்திருந்தாள். இரும்பு இல்லை, வெறும் உள்ளங்கை. அது புகைந்தது. முழங்கைவரை காய்ந்திருந்த பால் உருகி, நூல் நூலாகச் சொட்டியது. மற்றக் கையில் கத்தி. முகத்தில் நோவே இல்லை. வேலை செய்கிற ஒருத்தியின் முகம். பொறுமையான முகம்.

கத்திப் பிடியால் தட்டினாள்.

சுத்தியல் விழுந்தது.

பிறகு அவரைப் பார்த்தாள். கத்தியைத் தரையில் வைத்துவிட்டு, கையை நீட்டினாள்.

நெருப்பு கடைசி இடைவெளியை மூடியது. வெளிச்சம் போயிற்று.

இருட்டில் அவருடைய மணிக்கட்டைப் பிடித்த கை சுடவில்லை. பனியில் நனைந்தது போலிருந்தது. அது அவரை இழுத்தது. அவர் விரல்களை மடக்கி வைத்திருந்தார். அது ஒவ்வொன்றாக விரித்தது. அவசரப்படவில்லை. உள்ளங்கையை முழுதாக விரித்து, சிவந்து எரியும் கோட்டின் மேல் வைத்து, அழுத்தியது.

அவருடைய சத்தத்துக்கு மேலாக, தகட்டில் ஒரு சின்னத் தட்டு.