கறாருக்கும் ஜிகினாவுக்கும் நடுவே ஒரு வண்டி

வாகனச் சோதனை நிலையத்தில் அன்றைக்கு அந்த வரிசை அவளுடையதே இல்லை. பக்கத்து வரிசை ஆய்வாளருக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாக அவளைப் பிடித்து மழையில் நிறுத்திவிட்டார்கள். விதி என்றால் அவளுக்கு வாகன விதிப் புத்தகம் ஒன்றுதான் தெரியும். தலையில் எழுதுகிற விதி என்று இன்னொன்றும் உண்டு என்பதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

முதுகுக்குப் பின்னால் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. பதறித் திரும்பினாள். திரும்பிய வேகத்தில் குடை மல்லாந்துவிட்டது... குழந்தை எதுவும் இல்லை. ஒரு சிவப்புக் கார் நின்றது. அழுதது அதன் ஹாரன்.

முகப்பில் நீல விளக்கு. பக்கவாட்டில் தங்கக் கோடுகள். உடம்பை மீறி வெளியே துருத்தும் அகலச் சக்கரங்கள். பாதி இறக்கிய ஜன்னலுக்குள்ளே, அடிக்கிற மழையில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு ஒருத்தன்!

சோதனை நிலையத்தில் அவளுக்குக் 'கறார்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. தலைமை ஆய்வாளரின் மச்சான் வண்டியையே திருப்பி அனுப்பியவள் அவள். இந்தக் கோமாளி எம்மாத்திரம்?

"முதல்ல அந்தக் கறுப்புக் கண்ணாடியக் கழட்டுங்க," என்றாள்.

அவன் சமர்த்தாகக் கூலிங் கிளாஸைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தான். "கழட்டிட்டேன் மேடம்."

ஐயோ... அந்தக் கண்கள்! சிரிப்பை அடக்கிப் பழக்கமே இல்லாத கண்கள். ஜன்னல் வழியே தெறித்த ஒரு மழைத்துளி அவன் இமையில் தங்கி, விழலாமா வேண்டாமா என்று யோசித்தது. அவளும் கூடவே கொஞ்சம் யோசித்தாள். பிறகு தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"உங்க கண்ணாடி இல்ல. வண்டிக் கண்ணாடி! உள்ள ஆள் இருக்கா இல்லையான்னே தெரியாம ஃபிலிம் ஒட்டியிருக்கீங்களே, அது!"

"ஓ... அதுவா? நான்கூட என் மூஞ்சியப் பாக்கணும்னு ஆசைப்படுறீங்களோன்னு..."

"இறங்குங்க."

இறங்கினான். ஊர் அவனை 'ஜிகினா' என்று கூப்பிடும். பழைய தகரத்தைக் கொடுத்தாலும் பளபளவென்று பறக்கும் தட்டாக்கித் தருகிற பட்டறைக்காரன்.

"நீல விளக்கு கூடாது, எதிர்ல வர்றவன் கண்ணு கூசும். சக்கரம் உடம்ப விட்டு வெளிய வரக் கூடாது. ஹாரன் ஒரே சத்தமாத்தான் இருக்கணும். அழக் கூடாது, சிரிக்கக் கூடாது, பாடக் கூடாது."

"பெத்த பிள்ளையக்கூட யாரும் இவ்வளவு கண்டிப்பா வளக்க மாட்டாங்க மேடம்."

அவள் வண்டிக்குள் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி. தள்ளினால் பிரேக், இழுத்தால் ஆக்சிலேட்டர். காலே வேண்டாம். அசைத்துப் பார்த்தாள். ஒரு மயிரிழை ஆட்டம் இல்லை. பற்றவைத்த இடம் எது என்று விரலுக்கே தெரியவில்லை.

"இது யாருக்கு?"

"எங்க அக்காவுக்கு மேடம். கால் ரெண்டும் வராது. பல் செட் செய்யிற கூடத்துல வேலை கெடச்சிருக்கு, ஊரோட அந்தக் கோடியில. மாசம் பொறந்தா சேரணும்." முதல் முறையாக அவன் கண்ணில் சிரிப்பு இல்லை.

"இது சட்டத்துலயே இருக்கு. சோதிச்சு அனுமதி குடுத்தா போதும். ஆனா வண்டி முழுசும் சரியா இருந்தாத்தான் கைப்பிடிக்கு அனுமதி. அக்கா இந்த நீல விளக்கெல்லாம் கேட்டாங்களா?"

"கேக்கல. நான்தான்... கையி சும்மா இருக்காது."

அடுத்த வாரம் அவன் வந்தபோது ஜிகினா எல்லாம் உதிர்ந்து, வண்டி மொட்டையடித்த பிள்ளை மாதிரி நின்றது. கைப்பிடியை அவளே ஓட்டிச் சோதிக்க வேண்டும். அவன் பக்கத்து இருக்கையில். வெளியே மறுபடி மழை...

"காலச் சும்மா வைங்க மேடம்."

"சும்மாதான் வெச்சிருக்கேன்."

"பிரேக்கத் தேடுது. பாருங்க, பூனை மாதிரி துழாவுது."

அந்த நேரம் பார்த்து ஒரு நாய் குறுக்கே ஓடியது. அவள் இரண்டு காலையும் தரையில் ஊன்றினாள், கை மறந்துவிட்டது. அவன் சட்டென்று அவள் கைமேல் கை வைத்துக் கைப்பிடியைத் தள்ளினான். வண்டி நின்றது. நாய் போய்விட்டது. கை மட்டும் விலகவில்லை...

"பிரேக் நல்லா பிடிக்குது," என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"ஆமா மேடம். நல்லாவே பிடிச்சிருச்சு."

இறங்கியதும், முகம் சிவந்த கோபத்தில் அவள் நம்பர் பலகையைப் பார்த்தாள். கல்யாணப் பத்திரிகை மாதிரி சுழித்துச் சுழித்து எழுதியிருந்தது. மறுசோதனை!

அதற்கடுத்த தடவை நம்பர் பலகை சரி, அதற்கு மேலிருந்த சின்ன விளக்கு எரியவில்லை. மறுசோதனை. அதற்கும் அடுத்த தடவை எதிலும் குறை இல்லை. அவள் வண்டியை முன்னும் பின்னுமாகச் சுற்றினாள். குந்தி உட்கார்ந்தாள். கடைசியில் பின்சக்கரத்துக்குப் பின்னால் சேறு தடுக்கும் ரப்பர் ஒன்று இல்லை என்று கண்டுபிடித்தாள். மற்றவர்களாக இருந்தால் 'இங்கேயே மாட்டிடுங்க' என்று சொல்லியிருப்பாள். அவனிடம், "போய்ட்டு அடுத்த வாரம் வாங்க," என்றாள்.

அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுப் போனான்.

சிவப்பு வண்டி வாசலைத் தாண்டியதும் அவளுக்கு நெஞ்சு குறுகுறுத்தது. ரப்பருக்காகத் திருப்பி அனுப்பினேனா... இல்லை, திரும்பி வரட்டும் என்றா? கறார், கறார் என்று ஊர் சொல்கிறதே... இது சட்டமா, சபலமா? அன்று அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

அடுத்த வாரம் வண்டி அவனோடு மட்டும் வரவில்லை. முன்னிருக்கையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். ஜன்னலை இறக்கினாள். குரலைக் கேட்டு வரிசையில் நின்ற லாரிக்காரர்கள்கூடப் பாட்டை நிறுத்தினார்கள்.

"ஏம்மா, நீதான் கறாரா?"

"அக்கா... நான் சட்டப்படிதான்..."

"சட்டம்! இவன் விளக்க வேணும்னே லூஸ் பண்ணிட்டு வந்தான், நான் கண்ணால பாத்தேன். நீ வேணும்னே ரப்பரத் தேடுற. நாளைக்கு நான் வேலையில சேரலன்னா வேற ஆளப் போட்டுடுவாங்க. ஊர்ல எத்தன கார் இருக்கு! உங்க காதலுக்கு என் கார்தானா கெடச்சுது?"

அவளுக்குப் பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்று இருந்தது. அவன்தான் முன்னால் வந்தான்.

"அக்கா, மேடத்த ஒண்ணும் சொல்லாத. அவங்க புத்தகத்துல உள்ளதத்தான் கேட்டாங்க. தப்பு என்னோடது."

"நீ பேசாதடா. பல்லக் கழட்டிருவேன். திருப்பி மாட்டவும் எனக்குத் தெரியும்!"

எல்லார் கண்ணும் இப்போது கறார்மேல். கையில் பேனா இருந்தது. வண்டியில் ஒரு குறையும் இல்லை. ரப்பர்கூட புத்தம் புதிது. ஒரு கையெழுத்து, அக்கா வேலைக்குப் போய்விடுவாள். ஆனால் போட்டால், கறார் ஆளைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள் என்று நாளைக்கு இதே லாரிக்காரர்கள் சொல்வார்கள். அதில் பொய்யும் இருக்காது. போடாவிட்டால், அவளுடைய வீம்புக்கு ஒரு பெண்ணின் பிழைப்பு பலி.

பேனாவை மூடினாள். நேராகத் தலைமை ஆய்வாளரின் அறைக்குப் போனாள். அந்த அறைக்குக் கதவு உண்டு. ஜன்னல்தான் முற்றத்தைப் பார்த்து எப்போதும் திறந்தே கிடக்கும்.

"சார், அந்தச் சிவப்பு வண்டிய நீங்க சோதிக்கணும். இப்பவே."

"ஏம்மா? உன் கை என்ன ஆச்சு?"

"விதி இருக்கு சார். ஆய்வாளர் தன்னோட உறவினர், வேண்டியவர், வேண்டாதவர் வண்டியச் சோதிக்கக் கூடாது."

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். மச்சான் வண்டி திரும்பி வந்த நாள் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும், உதட்டோரம் துடித்தது.

"உறவா?"

"இல்ல சார்."

"அப்போ வேண்டியவரா, வேண்டாதவரா? காரணம்னு ஒண்ணு நான் எழுதணும்ல. சத்தமாச் சொல்லும்மா, காது மந்தம்."

அவருக்குக் காது மந்தம் என்று யாரும் அதுவரை கேள்விப்பட்டதில்லை. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவள் வாழ்நாளில் ஒரு விதியையும் பாதியில் விட்டதில்லை. இதையும் விடவில்லை.

"வேண்டியவர்."

ஜன்னல் வழியாக அது முற்றம் முழுக்கக் கேட்டது. லாரிக்காரர் ஒருவர் விசில் அடித்தார்.

தலைமை ஆய்வாளர் வண்டியைச் சக்கரம் சக்கரமாகச் சோதித்தார். ஒரு குறையும் இல்லை என்று கையெழுத்துப் போட்டார். அக்காவை ஓட்டுநர் இருக்கைக்கு மாற்றி உட்கார வைத்தார்கள். அவள் கைப்பிடியை இழுத்தாள். வண்டி வழுக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனது. தம்பி ஒருத்தன் உண்டு என்பதையே அவள் மறந்துவிட்டாள், அல்லது மறந்த மாதிரி போனாள்.

முற்றத்தில் அவன் நின்றான். தூறல் ஆரம்பித்தது. கறார் அவன் பக்கத்தில் வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"விளக்க லூஸ் பண்ணது நான்தான் மேடம்," என்றான் மெதுவாக. "நீங்க பாத்துடுவீங்கன்னு தெரியும். நீங்க பாக்கணும்னுதான்..."

"தெரியும்."

"இனிமே என் வண்டி எதையும் நீங்க பாக்கவே முடியாதா?"

"முடியாது. விதி."

"அப்போ நாம ரெண்டு பேரும் எப்படித்தான் பாத்துக்கிறது?"

அவள் நிமிர்ந்தாள். அந்தக் கண்களை, நேராக, தயங்காமல், இந்தத் தடவை ஒரு குறையும் தேடாமல் பார்த்தாள்.

"வண்டி இல்லாம வாங்க."

அவன் வெறும் வாசலைத் திரும்பிப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"வந்துட்டேன் மேடம்..."