ஆறு மணிக்குள் எல்லை

காரின் டிக்கியில் அப்பா மூன்றாவது முறையாகச் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தார். முதல் தடவை ஜாக்கியை மறந்துவிட்டார். இரண்டாம் தடவை ஜாக்கியை வைத்துவிட்டு ஸ்டெப்னி டயரை மறந்துவிட்டார்.

"அப்பா, கொஞ்சம் நிறுத்துங்க. நான் ஒரு லிஸ்ட் எழுதித் தர்றேன். அதைப் பார்த்து வைங்க" என்றாள் சுண்டு.

சுண்டு என்பது அவள் பெயர் இல்லை. பிறந்தபோது சுண்டுவிரல் அளவுதான் இருந்தாளாம். அம்மா வைத்த பட்டப்பெயர் அது. இப்போது பத்து வயதாகி, கதவின் மேல் தாழ்ப்பாள் எட்டும் உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள். ஆனாலும் பட்டம் மட்டும் போகவில்லை.

அவள் எழுதினாள். ஜாக்கி, ஸ்டெப்னி, ரேடியேட்டருக்குத் தண்ணீர், குடிக்கத் தண்ணீர், ரொட்டி, அவித்த முட்டை, டார்ச், போர்வை. அடுத்த பக்கத்தில் காகிதங்கள்: கார் பதிவுப் புத்தகம், எல்லைக்கு அந்தப் பக்கத்துக்கான இன்ஷூரன்ஸ், இரண்டு பாஸ்போர்ட், அம்மாவின் சம்மதக் கடிதம்.

கடைசி வரியை எழுதும்போது அவள் கை நின்றது. சிக்கலே அந்தக் கடிதத்தில்தான் இருந்தது.

சுண்டுவின் அம்மா எல்லைக்கு அந்தப் பக்கம் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். மாதம் இரண்டு முறை வீட்டுக்கு வருவார். நேற்று அங்கே ஓர் இரும்பு அலமாரி சரிந்து அவர் கால்மேல் விழுந்துவிட்டது. எலும்பு நொறுங்கிவிட்டதாம். நாளைக் காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். "காப்பாற்றத்தான் பார்ப்போம். முடியாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும்" என்று டாக்டர் போனில் சொல்லிவிட்டார்.

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "சுண்டுவைக் கூட்டிட்டு வாங்க. அவ முகத்தைப் பார்த்துட்டு நான் உள்ளே போறேன்."

இங்கிருந்து எல்லைக்கு நாலு மணி நேரம். எல்லைக் கேட்டை மாலை ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள். அதைத் தாண்டி ஆஸ்பத்திரிக்கு இன்னும் இரண்டு மணி நேரம். வழியில் தாமதமானால் சமாளிக்க ஒரு மணி நேரமாவது கையில் வேண்டும். அதனால் ஒரு மணிக்குள் கார் கிளம்பியாக வேண்டும்.

குழந்தை பெற்றோரில் ஒருவரோடு மட்டும் எல்லை தாண்டினால், கூட வராத அம்மாவோ அப்பாவோ சம்மதக் கடிதம் தர வேண்டும் என்பது சட்டம். அதில் வக்கீல் முத்திரையும் இருக்க வேண்டும். அடுத்த மாத விடுமுறைக்காக அம்மா ஏற்கெனவே ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். முத்திரை மட்டும்தான் பாக்கி. முத்திரை வைக்க அவர்கள் ஊரில் உரிமை உள்ள வக்கீல் ஒருவர்தான். அவரோ வெளியூர் போய்விட்டார், வெள்ளிக்கிழமைதான் வருவார். அப்பா அவர் வீட்டுக் கதவைத் தட்டியதில் கதவுக்கு வலித்திருக்கும். வேறு பலன் இல்லை.

"ஏதாவது வழி பண்றேன்" என்று சொல்லிவிட்டு அப்பா கடைக்குள் போனார்.

கடை என்றால் வேறெங்கும் இல்லை, வீட்டின் முன்னறைதான். அப்பா ரப்பர் ஸ்டாம்ப் செய்பவர். பள்ளிக்கூடம், வங்கி, நீதிமன்றம் என்று ஊரில் 'டக்' என்று எங்கே குத்தினாலும் அது அப்பா செய்த ஸ்டாம்ப்பாகத்தான் இருக்கும்.

அந்தக் கடைக்கு அப்பாவே போட்ட ஒரு சட்டம் உண்டு. செய்து முடித்த ஸ்டாம்ப்பை முதலில் ஒரு நீல நோட்டில் குத்த வேண்டும். பக்கத்தில் யாருக்காகச் செய்தது என்று பெயரும் தேதியும் எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் ஸ்டாம்ப் வீட்டை விட்டு வெளியே போகலாம். குத்துவதும் எழுதுவதும் சுண்டுவின் வேலை. இரண்டாம் வகுப்பிலிருந்து அவள்தான் செய்கிறாள்.

சுண்டு தன் துணிகளைப் பையில் அடைத்துக்கொண்டிருந்தபோது சூடான ரப்பர் வாசனை வந்தது.

இன்றைக்குக் கடையே திறக்கவில்லையே! ஷட்டர் கூட ஏறவில்லை. யாருக்காக ஸ்டாம்ப்?

எட்டிப் பார்த்தாள். அப்பா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். வெட்டிய ரப்பரை மரப்பிடியில் ஒட்டிக்கொண்டிருந்தார். ஸ்டாம்ப்பில் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பித்தான் இருக்கும். மற்றவர்கள் தட்டுத் தடுமாறுவார்கள். சுண்டுவுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. ஒரே பார்வையில் படித்துவிட்டாள்.

வக்கீலின் பெயர். வக்கீலின் பதிவு எண். போன வருடம் அவருக்குச் செய்த அதே ஸ்டாம்ப். அலமாரியில் இருந்த அதன் பழைய அச்சு இப்போது மேஜைமேல் கிடந்தது.

'இதைக் குத்தினால் நான் அம்மாவைப் பார்க்கலாம்' என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அதை மறைப்பானேன்? பேசாமல் திரும்பிப் போய்த் துணி மடிக்கலாம் என்றுகூட நினைத்தாள்.

அப்போது அப்பாவின் கையைப் பார்த்தாள். கடுகளவு எழுத்தையும் பிசகாமல் கோக்கும் கை அது. இப்போது ரப்பரைக் கோணலாக ஒட்டிவிட்டுப் பிய்த்தது, மறுபடியும் கோணலாகவே ஒட்டியது.

எல்லையில் மாட்டிக்கொண்டால் அப்பாவை அங்கேயே பிடித்து வைத்துவிடுவார்கள். அப்புறம் அம்மா பக்கத்தில் யாருமே இருக்க மாட்டார்கள்.

அவள் அலமாரியிலிருந்து நீல நோட்டை எடுத்து வந்து அப்பா முன்னால் விரித்தாள். மைப்பெட்டியைத் திறந்து வைத்தாள்.

"அப்பா, யாருக்குன்னு எழுதட்டும்?"

அப்பா திடுக்கிட்டுத் திரும்பினார். நோட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"உன்னை விட்டுட்டுப் போனா உங்கம்மா முகத்துல எப்படி முழிப்பேன், சுண்டு?"

"நீங்களும் போகலைன்னா அம்மா என்ன பண்ணுவாங்க?"

அப்பா பிளேடை எடுத்து, மரப்பிடியிலிருந்து ரப்பரைப் பிரித்துத் துண்டு துண்டாக நறுக்கினார். அச்சையும் இரண்டாக உடைத்தார். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளக் கூட இல்லை.

"நான் பக்கத்து வீட்டு டெய்லர் அக்காகூட இருக்கேன்ப்பா. நீங்க போயிட்டு வாங்க" என்றாள் சுண்டு. சொல்லிவிட்டு உள்ளே ஓடிப்போய், பையிலிருந்து தன் துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. தலையணையில் முகத்தை வைத்து அழுதுவிட்டாள்.

போன் அடித்தது. அம்மா!

"சுண்டுக்குட்டி, கிளம்பியாச்சா?" குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"அப்பா வண்டியைப் பார்த்துட்டு இருக்காரும்மா. ரொம்ப வலிக்குதா?"

"கால் மட்டும்தான். மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு. காலையில இருந்து பத்துப் பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டாங்க. ஆபரேஷனுக்குச் சம்மதம், மயக்க மருந்துக்குச் சம்மதம். ஒவ்வொண்ணுக்கும் டாக்டர் வேற முத்திரை குத்தறார். உங்கம்மா என்னமோ மந்திரி மாதிரி இருக்கேன்." அம்மா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் முனகலாகிவிட்டது. நர்ஸ் போனை வாங்கி வைத்துவிட்டார்.

சுண்டு அப்படியே நின்றாள். பிறகு வாசலுக்கு ஒரே ஓட்டமாக ஓடினாள்.

"அப்பா! நாம இந்தப் பக்கம் முத்திரை தேடறோம். அம்மா அந்தப் பக்கம்தானே இருக்காங்க? அங்கேயே ஒரு கடிதம் எழுதி, டாக்டர் முத்திரை வச்சு அனுப்பினா என்ன?"

டயரின் நட்டுகளைத் திருகிக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். "அதெல்லாம் ஒத்துக்க மாட்டாங்கம்மா."

"எல்லை ஆபீசுல கேட்டீங்களா?"

"இல்லை."

"ஏன்ப்பா?"

அப்பா கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார். "முடியாதுன்னு சொல்லிட்டா அப்புறம் ஒண்ணுமே மிச்சமில்லையே. அந்தப் பயம்தான்."

சம்மதக் கடிதத்தோடு இருந்த, சட்டம் அச்சடித்த தாளின் அடியில் எல்லை அலுவலகத்தின் போன் எண் இருந்தது. சுண்டு அடித்தாள். லைன் பிஸி. மறுபடி அடித்தாள். மறுபடியும் பிஸி. அப்பா நாலு டயருக்கும் காற்றுப் பார்த்து முடித்தார். சுண்டு விடவில்லை. இருபத்து மூன்றாவது தடவை மணி போனது.

"எல்லை அலுவலகம். யாரு?" கரகரத்த குரல்.

சுண்டு ஸ்பீக்கரைப் போட்டாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"வீட்டுல பெரியவங்க யாரும் இல்லையா?"

"இருக்கார். அவருக்குக் கையெல்லாம் கிரீஸ்."

குரல் சொன்னது: "இரு. மேலதிகாரியைக் கேட்டுட்டு வர்றேன்."

அப்பா பக்கத்தில் வந்து நின்றார். இரண்டு பேரும் போனையே பார்த்தார்கள்.

"கேளு பாப்பா. அவசர சிகிச்சைன்னா ஆஸ்பத்திரிக் கடிதம் செல்லும். ஆனா ஆஸ்பத்திரியே நேரா எங்க ஆபீசுக்கு அனுப்பணும். நீங்க கையில கொண்டு வந்தா செல்லாது. போலி முத்திரையோட எத்தனை பேர் வர்றாங்க தெரியுமா? கடிதம் ஆறு மணிக்குள்ள வந்தா நீ போகலாம். ஆறு மணி அடிச்சா நானே நினைச்சாலும் முடியாது."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார்கள். நர்ஸ் பொறுமையாகக் கேட்டு, எல்லை அலுவலகத்தின் மின்னஞ்சல் முகவரியைக் குறித்துக்கொண்டார். "அம்மாகிட்ட இப்பவே எழுதி வாங்கிடறேன். டாக்டர் வேற ஒரு ஆபரேஷன்ல இருக்கார். எப்ப வெளியே வருவார்னு சொல்ல முடியாது" என்றார்.

மணி பன்னிரண்டே முக்கால். ஒரு மணிக்குக் கிளம்பவில்லை என்றால் ஆறு மணிக்குள் போய்ச் சேருவது சந்தேகம்.

"கடிதம் வரலைன்னா உன்னை எல்லையில தனியா விட்டுட்டு நான் எப்படிப் போவேன்?" என்றார் அப்பா.

சுண்டு யோசித்தாள். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போனாள். அங்கே டெய்லர் அக்கா பள்ளிச் சீருடைகளின் மலைக்கு நடுவில் தைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, எங்ககூட எல்லை வரைக்கும் வர்றீங்களா? கடிதம் வரலைன்னா என்னைப் பஸ்ஸுல திரும்பக் கூட்டிட்டு வரணும். வந்துடுச்சுன்னா நீங்க மட்டும் தனியாத் திரும்பணும். ரெண்டுமே உங்களுக்குக் கஷ்டம்தான்."

டெய்லர் அக்கா வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்தார்.

"இவ்வளவு நியாயமா யாரும் என்கிட்ட உதவி கேட்டதே இல்லை. மெஷின் எங்கேயும் ஓடிடாது. வா, போகலாம்."

ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கார் கிளம்பியது. அக்கா முன்சீட்டில், சுண்டு பின்சீட்டில். வழியில் ரொட்டியை யாரும் தொடவில்லை.

ஐந்து மணிக்கு எல்லை வந்தது. நீளமான ஒரு தகரக் கட்டடம். அதற்குப் பின்னால் சாலையை மறித்துச் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு கம்பி. கவுன்ட்டரில் இருந்தவர் வாயைத் திறந்ததுமே சுண்டுவுக்குத் தெரிந்துவிட்டது. அதே கரகரத்த குரல்.

"கடிதம் இன்னும் வரலை" என்றார்.

உட்கார்ந்தார்கள். ஐந்தேகால் ஆயிற்று. ஐந்தரை ஆயிற்று. அப்பா ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை போன் செய்தார். யாரும் எடுக்கவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைத் தவிர அங்கே வேறு எதுவும் அசையவில்லை.

ஐந்தே முக்காலுக்கு அதிகாரி முத்திரைகளை டப்பாவில் எடுத்து வைக்க ஆரம்பித்தார். டெய்லர் அக்கா சுண்டுவின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா எழுந்து, சுண்டுவின் முன்னால் மண்டி போட்டார்.

"அம்மாகிட்ட என்ன சொல்லணும், சுண்டு?"

சுண்டு எவ்வளவோ யோசித்தாள். அப்பாவின் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகினாள்.

அப்போது அதிகாரிக்குப் பின்னால் இருந்த பிரிண்டர் கர்ரென்று இழுத்தது. ஒரே ஒரு தாள் மெதுவாக வெளியே வந்தது.

அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். டாக்டரின் கையெழுத்தைப் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார். அம்மாவின் கையெழுத்தை, ஆபீஸ் கோப்பில் இருந்த அம்மாவின் பாஸ்போர்ட் பிரதியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கடிதத்தில் இருந்த கையெழுத்து கோணல்மாணலாக இருந்தது. படுத்துக்கொண்டே போட்டது போலிருக்கிறது. பிறகு அவர் புருவம் மேலே ஏறியது.

"அடியில ஏதோ எழுதியிருக்காங்களே. 'என் மகளுக்குக் காரில் பின்சீட்டில் உட்கார்ந்தால் வாந்தி வரும். தயவுசெய்து அவளை முன்சீட்டில் உட்கார வைக்கவும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கவும்.'"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இது எந்தச் சட்டத்துல வருதுன்னு எனக்குத் தெரியலை" என்றார். ஆனால் சிரிக்கவில்லை. டப்பாவைத் திறந்து, ஒரு முத்திரையை எடுத்துச் சுண்டுவின் பாஸ்போர்ட்டில் குத்தினார்.

டெய்லர் அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு பஸ் நிறுத்தத்தின் பக்கம் நடந்தார். அப்பா காரின் முன்கதவைத் திறந்தார்.

"நாலு மணி நேரம் பின்னாடியா உட்கார்ந்து வந்தே? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க ரெண்டு பேருமே ரொம்பக் கவலையா இருந்தீங்க."

"வாந்தி வரலையா?"

"மூணு தடவை வந்துச்சு. முழுங்கிட்டேன்."

அப்பா அவள் தலையைப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பிறகு அவளை முன்சீட்டில் உட்கார வைத்து, பெல்ட்டை மாட்டி, கடிதத்தில் இருந்தபடியே ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டார். சிவப்பும் வெள்ளையுமான கம்பி மேலே உயர்ந்தது.

அம்மாவின் கால் என்ன ஆகும் என்பது நாளைக்குத்தான் தெரியும். இன்றைக்கு இன்னும் இரண்டே மணி நேரம்தான். அப்புறம் அம்மாவைப் பார்த்துவிடலாம்.