வாசலில் சொன்ன வார்த்தை

தரைப்பலகை வெதுவெதுப்பாக இருந்தது. மழை விட்ட சாயங்காலத்தில், ஜன்னலெல்லாம் சாத்திக் கிடந்த அந்தச் சின்ன மர ஜெபக்கூடத்தில், ஆள் இப்போதுதான் எழுந்துபோன நாற்காலி மாதிரி ஒரு சூடு. தச்சர் உள்ளங்கையை எடுத்துக்கொண்டார். வயசானால் கைக்கும் புத்தி பிசகும்போல என்று தன்னையே கேலி செய்துகொண்டார்.

சாவி வைத்திருந்த அம்மாள் படியேறாமலே எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். "சண்டைக் காலத்துல பட்டாளத்துக்காரங்க தோட்டாப்பெட்டிப் பலகையை அறைஞ்சு கட்டினதுங்க இது. கிளம்புற அன்னிக்கு ஒவ்வொருத்தனும் இந்த வாசல்ல நின்னு 'வரேன்'னு சொல்லிட்டுப் போனானாம். ஒருத்தன்கூடத் திரும்பலை. நீங்க வேலை முடிஞ்சதும் வாயைத் திறக்காம கிளம்பிடுங்க."

"சொல்லாம போனா சாமி கோச்சுக்காதா?" என்று அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. சாவியைக் கையில் திணித்துவிட்டு நடையைக் கட்டினாள்.

இது அவருடைய கடைசி வேலை. இருட்டுவதற்குள் மகள் காரோடு வந்துவிடுவாள். இனி அவள் வீட்டில்தான் வாசம். மனைவி போன பிறகும் தினமும் காலையில் வெறும் கூடத்தைப் பார்த்து "வரேன்" என்று சொல்லிவிட்டு, பதில் வராத அந்த நொடியில் செருப்பை மாட்டாமல் நின்றவர் அவர். அந்தப் பாழாய்ப்போன தனிமை இன்றோடு தொலைந்தது என்று நினைத்தபோதே கண் கலங்கியது.

கடைசி ஆணியை அடித்து இறக்கினார். பலகை இடுக்குகளிலிருந்து ஈர மரவாசனையும், அதற்கடியில் பழைய வியர்வையும் துப்பாக்கி எண்ணெயும் கலந்த வாடையும் கசிந்தன. பின்வரிசை பெஞ்சுகள், ஆட்கள் நெருங்கி உட்கார்ந்து இடம் விடுவதுபோல, ஒவ்வொன்றாக மெல்ல முனகின. அவசரமாகப் பையைத் தோளில் மாட்டினார். வாசலைத் தாண்டினார். பழக்கதோஷம், திரும்பிப் பார்த்தார்.

"வரேன்."

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"வாப்பா," என்றது உள்ளிருந்து ஒரு குரல். அன்பாக.

ஓடியிருக்கலாம். ஆனால் பதில் கேட்டு எத்தனை காலமாயிற்று! ஒரே ஒரு எட்டு உள்ளே வைத்தார்.

கதவு சாத்திக்கொண்டது.

இருட்டு. தோளோடு தோள் இடித்தது. யார் யாரோ. பையைக் கழற்றினார்கள். சட்டையையும்.

வெளியே கார் வந்து நின்றது. "அப்பா!"

கதவுப் பலகையின் இடுக்கில் கண்ணை வைத்தார். படியில் அவருடைய சட்டை. அவருடைய முதுகு. மகள் ஓடிவந்து அதன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாடி! அது நானில்லை!"

பலகையை அறைந்தார். அறைந்தார்.

மகள் நின்றாள். "உள்ள ஏதோ சத்தம் கேக்குதேப்பா?"

"பழைய மரம்மா. அப்படித்தான்," என்றது அவர் குரல்.

அவள் அதைக் காரில் உட்காரவைத்தாள். குனிந்து பெல்ட்டை மாட்டிவிட்டாள். அது இடுக்கைப் பார்த்துக்கொண்டே, அவள் தலையை மெதுவாகத் தடவிக்கொடுத்தது.