பேசக் கூடாத சனிக்கிழமைகள்

நனைந்த தாளை மேசைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்தான் அவன். "இதை எழுதினது யாரு மேடம்? நாலாவது படியில சொன்ன பட்டன் எங்க ஸ்கிரீன்லயே இல்ல."

எழுதியவள் ஹேமாவதிதான். பட்டறைகளின் சரக்கு இருப்பைக் கவனிக்கும் மென்பொருளுக்கு உதவிப் பக்கங்கள் எழுதப் பழகி இரண்டே மாதம். மென்பொருள் மாறியிருந்தது, பக்கத்தை மாற்ற மறந்திருந்தாள். வெடுக்கென்று ஏதோ சொல்ல வாயெடுத்தவள், அவன் கண்களைப் பார்த்தாள்... இமையில் ஒரு மழைத்துளி. சொல்ல வந்தது மறந்துபோயிற்று.

அவன் தமிழரசு. மண்ணூர்பேட்டையில் சின்ன லேத் பட்டறை. புகாரைக் கேட்ட மேலாளர் ஆக்னஸ், "இவரையே வரச்சொல்லிப் படிக்கவிட்டுப் பார்" என்றார். சனிதோறும் அவன் பக்கத்தைப் படித்து, அதன்படி செய்ய வேண்டும். அவன் தயங்கும் இடங்களை அவள் அருகிலிருந்து குறித்துக்கொள்ள வேண்டும். உதவக் கூடாது. பேசவே கூடாது.

அவன் விரல் நிற்கும்போதெல்லாம் அவன் முகத்தைப் பார்ப்பது அவள் வேலை. அது எப்போது வேலையாக இல்லாமல் போனது... அவளுக்கே தெரியவில்லை.

ஏழாவது சனி, திரையில் அவளுடைய முதல் நாள் குறிப்பு திறந்து கிடந்தது. 'படிப்பு குறைவு. இவருக்கே புரிந்தால் எவருக்கும் புரியும்.' படித்தான். எழுந்து போனான்.

அதன்பிறகு மூன்று சனி அந்த நாற்காலி காலி. அயனம்பாக்கம் ஏரிமேல் மழை இறங்குவதை விடுதி ஜன்னலில் பார்த்தபடி போனில் அவன் எண்ணை எடுப்பாள்... வைத்துவிடுவாள். நான்காவது சனி, பட்டறைக்கே போய்விட்டாள்.

லேத்தை நிறுத்தினான். "இன்னா மேடம்... படிக்காதவன் வேற யாரும் கெடைக்கலியா?"

"அந்த வரி என் திமிரு. நீங்க தயங்கின இடமெல்லாம் நான் ஒழுங்கா எழுதாத இடம். நீங்க வராம ஒரு பக்கமும் ஓடல..." கண் நிறைந்தது.

அவன் எண்ணெய் துடைக்கும் பனியன் துணியில் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"ஒண்ணு சொல்றேன், திட்டக் கூடாது. ரெண்டாவது வாரமே எல்லாம் புரிஞ்சிடுச்சு. என் விரல் நின்னாத்தானே நீங்க என்னைப் பார்ப்பீங்க... அதான் நிறுத்தினேன்."

"அப்போ அதுக்கப்புறம் நான் பதினோரு பக்கம் திருத்தினது?"

"திருத்தறதுக்கு முன்னாடியே நல்லாத்தான் இருந்துச்சு."

அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன அவளுக்கு. தகரக் கூரைமேல் மழை வலுத்தது.

"திங்கக்கிழமை அத்தனையும் பழையபடி மாத்தணும்," என்றாள். பிறகு, மிக மெல்ல... "வாரத்துக்கு ஒரு நாள் போதாது எனக்கு. தினமும் பார்க்கணும் உங்களை."